எடுத்தவர் பெயர் இல்லாத படம்

ஓசூர்
16.6.2024, ஞாயிறு

அன்பு மகன் அஜித்குமாருக்கு, அம்மா நஞ்சம்மா எழுதுவது.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி மழை வந்தால் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. காட்டுக்குள் காவல் இருக்கிற நீயும் உன் கூட்டாளிகளும் நல்லபடியாக இருக்கிறீர்களா? போன் போட்டால் நீ எடுப்பதில்லை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்தான் பேசுகிறாள். செவ்வாய்க்கிழமை உங்கள் முகாமுக்கு அரிசி கொண்டுபோகும் ஜீப்பில் கடிதத்தையும் சேர்த்து விடுகிறேன் என்று டிரைவர் திம்மப்பன் சொன்னான். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பூ கம்பெனிக்கு ரோஜா வாங்குகிற வெளிநாட்டு அம்மா ஒருத்தி வந்தாள். நான் பேக்கிங் ஷெட்டில் இருபது இருபது பூவாக எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தேன். நேராக என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். 'நேம்' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. நாற்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த பெயர்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. பூக்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய், பூ வைக்கிற கோல்ட் ரூமுக்குள் நின்றுகொண்டேன். சூப்பர்வைசர் சரிதா வந்து கதவைத் திறந்து, "என்னக்கா, நீயும் ரோஜாவா? உன்னையும் சேத்து ஏத்தி அனுப்பட்டா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பெயரைக் கேட்டதற்குப் போய் ஒளிந்துகொண்டேனே என்று உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், நூலகத்து மாடியில். ஜெயப்ரியா மிஸ் சொல்லிக் கொடுக்கிறார். பெங்களூரில் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவராம். புத்தகம் கிடையாது. "போன் இருக்கா? போதும்" என்றார். செய்திக்காரர்கள் போலப் படம் எடுத்து வரவேண்டும், அதன் கீழே இங்கிலீஷில் மூன்று வரி எழுத வேண்டும். முதல் பாடம், 'உங்கள் கலாச்சாரம்'. பதினோரு பேரில் ஒன்பது பேர் மலைக்கோயிலை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். மிஸ் ஒன்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "எங்களுக்கு என்ன மிஸ் கலாச்சாரம்? ஊர்ல திருவிழான்னா தள்ளி நின்னு பாக்கறவங்க நாங்க. கூலிக்குப் போறது, வர்றது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன்.

"நேத்து மத்தியானம் என்ன பண்ணீங்க?"

"சாப்பிட்டோம்."

"அதை எடுத்துக்கினு வாங்க" என்றார்.

நான் கோயில் படத்துக்கு எழுதிய மூன்று வரி: திஸ் டெம்பிள். ஐ கோ. காட் குட். சரியா என்று பார்த்துச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். காலில் ஷூ இல்லாமல் நடக்காதே.

அம்மா


காட்டு முகாம், ஜவளகிரி
2.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் முழங்கால் வலி இல்லாமல் இருக்க வேண்டும். முகாமில் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். ஒரு பாறை மேல் ஏறினால் சிக்னல் ஒரு புள்ளி வரும். ஏறி நிற்பதற்குள் அதுவும் போய்விடும்.

இந்த வயதில் இங்கிலீஷ் எதற்கு? நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறாய், ஞாயிற்றுக்கிழமையாவது படுக்கக் கூடாதா? ஆனால் கேட்டிருக்கிறாய், அதனால் திருத்துகிறேன். 'திஸ் இஸ் எ டெம்பிள். ஐ கோ டு தி டெம்பிள். காட் இஸ் குட்.' மூன்று வரியில் ஆறு சொல் விட்டுப்போயிருக்கிறது. பன்னிரண்டாவதில் நான் இங்கிலீஷில் எடுத்த மார்க் உனக்கே தெரியும். அந்த லட்சணத்தில் நானே திருத்துகிறேன் என்றால் பார்த்துக்கொள்.

இனிமேல் யாராவது பெயர் கேட்டால் சொல். கோல்ட் ரூமுக்குள் போகாதே.

அஜித்


ஓசூர்
21.7.2024

அன்பு மகன் அஜித்துக்கு, அம்மாவின் ஆசிகள்.

நான் நன்றாக இருக்கிறேன். நீ திருத்தியதை மிஸ்ஸிடம் காட்டினேன். "உங்க பையன் சொன்னது சரி" என்றார். நீ என்னைக் கிண்டல் செய்து எழுதியதையும் படித்துக் காட்டினேன். வகுப்பே சிரித்தது.

இந்தக் கடிதத்தோடு மூன்று படம் வைத்திருக்கிறேன். முதல் படத்தைப் பார். மத்தியானச் சாப்பாட்டில் நாலு டிபன் பாக்ஸ். என்னுடையதில் களியும் கொள்ளுக் குழம்பும். ஆனேக்கல் பக்கத்து ரங்கம்மா அன்றைக்கு எடுத்து வந்தது ஹுரளி சாறு. திறந்து பார்த்தால் அதுவும் கொள்ளு. கம்பெனி வேன் ஓட்டும் தீர்த்தகிரி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் "உலவலு" என்று திறந்தது அதே கொள்ளு. ஒடிசாவிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு கரண்டி வைத்தோம். வாயில் போட்டதும் கண் கலங்கி, "கொலத்தா! எங்க அம்மா!" என்றாள். நாலு பாஷை, ஒரே பருப்பு.

இங்கிலீஷில் அதற்கு என்ன பெயர் என்று மிஸ்ஸைக் கேட்டேன். 'ஹார்ஸ் கிராம்', குதிரைப் பயறு என்றார். "அப்ப வெள்ளைக்காரன் குதிரைக்குப் போட்டதத்தான் நாம நாலு பாஷையில திங்கறோமா?" என்று எங்களோடு வகுப்புக்கு வரும் தீர்த்தகிரி கேட்க, மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் எழுதியது: ஒன் பீன். ஃபோர் நேம்ஸ். ஆல் கிவ் ஹீட். 'நேம்' பக்கத்தில் ஒரு எழுத்து மட்டும் மிஸ் போட்டது. மற்றதெல்லாம் நானே. "இதுதான் கலாச்சாரம். இதுல நீங்க இருக்கீங்க" என்றார்.

மிஸ் இரண்டு சட்டம் வைத்திருக்கிறார். யாரையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. எடுத்த பிறகு, பின்பக்கம் எடுத்தவர் பெயர் எழுத வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளி. கூட்டாளிகளுக்கு என் விசாரிப்பைச் சொல்.

அம்மா


காட்டு முகாம்
9.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கால் எப்படி இருக்கிறது?

கொள்ளுப் படத்தை முகாம் சுவரில் ஒட்டிவிட்டோம். என் கூட்டாளிகள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வெறும் ரசம் சோறு சாப்பிடுகிறார்கள். திம்மப்பன் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கம்மா எடுத்ததா? நான் நம்ப மாட்டேன்பா" என்றான். பின்பக்கம் திருப்பி, 'நஞ்சம்மா' என்று நீ இங்கிலீஷில் எழுதியிருப்பதைக் காட்டினேன். போன கடிதத்தில் நான் எழுதியதை மறந்துவிடு. வகுப்பை விடாதே.

ரங்கம்மா ரோஜா முள் நீக்கும் இரண்டாவது படமும் நன்றாக இருக்கிறது.

மூன்றாவது படத்தில் நீ இருக்கிறாய். வேன் கதவில் சாய்ந்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாய். நீ இப்படிச் சிரித்து நான் பார்த்ததாக நினைவில்லை. அதன் பின்பக்கத்தில் மட்டும் பெயர் இல்லையே? யார் எடுத்தது?

அஜித்


ஓசூர்
25.8.2024

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

சுகம். உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. இங்கே தினமும் சாயங்காலம் தூறல். பூவுக்கு நோய் வந்துவிடுமோ என்று சரிதா கவலைப்படுகிறாள்.

இந்தத் தடவை பாடம், 'கை'. யாராவது ஒருவருடைய கையை எடுத்து, அந்தக் கையைப் பற்றி அவரையே கேட்டு எழுத வேண்டும். ரங்கம்மாவின் கையில் முழங்கை வரை பச்சை குத்தியிருக்கும், தெரியுமா? எப்போது குத்தியது என்று இத்தனை வருஷமாக நான் கேட்டதே இல்லை. கேட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் குத்தினார்களாம். பச்சை இல்லாத மருமகள் கையால் அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்க மாட்டார்களாம். "நீ?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். ஒன்பது வயதில், ஜவளகிரி சந்தையில், என்னைப் பிடித்து உட்கார வைத்துக் குத்தினதைச் சொன்னேன். நான் கடித்த கடியில் குத்தினவள் கையில் என் பல் பதிந்தது. "அப்ப அவளுக்கும் நீ பச்ச குத்திட்ட" என்றாள் ரங்கம்மா.

இரண்டு பேர் கையையும் ஒன்றாக ரோஜாப் பெட்டி மேல் வைத்து எடுத்தோம். என் கையில் தேள், அவள் கையில் தேர்.

எழுதியது: கிரீன் இஸ் நாட் பெயின்ட். கிரீன் இஸ் பெயின். நவ் வீ லாஃப். பச்சை வெறும் சாயமில்லை, வலி, இப்போது சிரிக்கிறோம் என்று அர்த்தம். மிஸ் இதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

டிசம்பரில் எங்கள் படங்களை நூலகத்துக் கூடத்தில் ஊர் பார்க்க வைக்கப் போகிறார்களாம். காட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


காட்டு முகாம்
12.9.2024

அம்மாவுக்கு,

நலம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன வாரம் ஜவளகிரியில் நம் ஊர் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மாரம்மா அத்தை வாசலிலேயே நிறுத்தி, "உங்கம்மாவ தளி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒரு ஆளுகூட டீ குடிச்சிக்கினு இருந்தா. நல்லாத்தான் இருந்தா" என்று சொன்னாள். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பேர் காதில் விழுந்தது.

நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பச்சை குத்தினது பற்றி ஒரு பக்கம் எழுதிய நீ அதற்கு ஒரு வரி எழுதவில்லை.

அந்தப் படத்தை எடுத்தது யார்?

அஜித்


ஓசூர்
29.9.2024

அன்பு மகன் அஜித்துக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உனக்குப் பொய் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

படத்தை எடுத்தது தீர்த்தகிரி. வேன் டிரைவர். மூன்று வருஷமாக அவர் ஓட்டும் வேனில்தான் வேலைக்குப் போகிறேன். "ஏறுங்க", "எறங்குங்க" தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. வகுப்பில் மிஸ் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, பக்கத்தில் இருப்பவரிடம் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டு, அவர் பதில் சொல்லும்போது படம் எடுக்கச் சொன்னார். ஒரு நாள் வேலை முடிந்து வேன் பக்கத்தில் நின்றோம். அவர் ஒரு வாரமாகத் தயார் செய்திருந்த கேள்வியைக் கேட்டார்: "வென் யூ லாஃப் லாஸ்ட்?" எனக்குப் புரியவில்லை. பதற்றத்தில் அவருக்குத் தமிழ் வரவில்லை, தெலுங்கில் சொன்னார். அதுவும் புரியவில்லை. ரங்கம்மாவைக் கூப்பிட்டார். அவள் கன்னடத்தில் சொல்ல முயன்று, நடுவில் இந்தி கலந்து, ஒடிசாப் பெண் வந்து கையால் ஜாடை காட்டி, கடைசியில் புரிந்தது. நீ கடைசியாக எப்போது சிரித்தாய்? அதுதான் கேள்வி. "ஏங்க, இதக் கேக்கவா நாலு பாஷைய சுத்தி வந்தீங்க?" என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. நிற்கவில்லை. அப்போது எடுத்தார்.

மத்தூர் பக்கத்து ஆள். மனைவி போய் ஆறு வருஷம். மகளைச் சேலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். படம் எடுக்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடப்போம். தளிக்குப் போனதும் படம் எடுக்கத்தான். போன மாதம், "மகள்கிட்ட கேட்டுட்டேன். அவ சரின்னா. இனி உங்களக் கேக்கறேன். எங்கூட வந்து இருக்கறீங்களா? முறைப்படி கட்டிக்கிட்டு" என்றார். "எம் பையனக் கேக்கணும்" என்றேன். "கேட்டுட்டு வாங்க. பர்வாலேது" என்றார். பரவாயில்லை என்பதைத் தெலுங்கில்தான் சொல்வார்.

உங்கப்பா கரியப்பன் குருபரப்பள்ளி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து உன்னைப் படிக்க வைப்பது ஒன்றே வேலை என்று இருந்தேன். அதில் எனக்குக் குறையில்லை. நம் சனத்தில் மறுபடி கட்டிக்கொள்வது புதிதும் இல்லை. ஆனால் மகன் மனசு வேறு.

நீ வேண்டாம் என்றால் நான் உடைந்துபோக மாட்டேன். ஆனால் ஒளிந்து ஒளிந்து டீ குடிக்கவும் மாட்டேன். யோசித்து எழுது.

அம்மா


ஓசூர்
20.10.2024

அன்பு மகனுக்கு,

மூன்று செவ்வாய்க்கிழமை போய்விட்டது. கர்நாடகாக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரிக்குள் இறங்கிவிட்டதாக வேனில் பேசிக்கொண்டார்கள். ராகி விளைந்து நிற்கிற நேரம், உங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. அதனால்தான் எழுதவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கண்காட்சி டிசம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை.

நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும். மற்ற விஷயத்துக்குப் பதில் கேட்கவில்லை. யானை பக்கம் கிட்டப் போகாதே.

அம்மா


காட்டு முகாம்
15.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் முழுசாக நலமாக இருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு.

யானை வந்தது உண்மை. முப்பதுக்கு மேல். நாங்கள் பகல் முழுக்க அவற்றுக்குப் பின்னால்தான் நடக்கிறோம். ஆனால் நான் எழுதாததற்கு யானை காரணமில்லை. உன் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. கோபம் இருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உன்னை எனக்கு முழுசாகத் தெரியும் என்று இருந்தேன். அது இல்லை என்று ஆனதுதான் கோபம் போலிருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை எனக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. உன்னிடம் சொல்லாமல் ஓசூர் வந்தேன். ராயக்கோட்டை ரோட்டு முக்கில், உங்கள் வேன் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றுகொண்டேன். ஆளைப் பார்த்து, இரண்டு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்ற எண்ணம். என்ன வார்த்தை என்றுகூட பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன்.

வேன் வந்தது. அவர் முதலில் இறங்கினார். டீக்கடைக்காரரிடம் போய்ப் பேசிவிட்டு, போனை எடுத்தார். எடுக்கட்டுமா என்று கேட்டார் என்று தலையசைப்பிலேயே தெரிந்தது. படம் எடுத்துவிட்டு ஒரு சின்ன நோட்டை பானெட் மேல் வைத்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். டீக்கடைக்காரர் குனிந்து பார்த்து ஏதோ தப்புச் சொன்னார். இவர் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார். ஐம்பது வயது ஆள். சட்டைப் பையில் ரப்பர் வைத்திருக்கிறார் அம்மா!

நீ கடைசியாக இறங்கினாய். அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நீ வேனில் விட்டுவிட்ட டிபன் மூடியை எடுத்து நீட்டினார். நீ அந்த நோட்டை வாங்கிப் பார்த்து ஏதோ சொன்னாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் லாரிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நீ சிரிப்பது தெரிந்தது. யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எனக்கு ஞாபகம் வரவில்லை.

போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். ஜவளகிரி பஸ் ஏறிவிட்டேன். படத்தை திம்மப்பன் மூலமாகப் பிரிண்ட் போட்டு இதில் வைத்திருக்கிறேன். கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது உங்கள் மிஸ்ஸின் சட்டம். நான் கேட்காமல் எடுத்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். எடுத்துக்கொள்ளட்டுமா?

பின்பக்கம் என் பெயர் இருக்கிறது. மூன்று வரியும் எழுதியிருக்கிறேன். 'மை மதர். சாட்டர்டே, ஃபைவ் தர்ட்டி. ஷீ இஸ் நாட் அலோன்.' என் அம்மா. சனிக்கிழமை, ஐந்தரை மணி. அவள் தனியாக இல்லை.

அவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா.

உன் மகன் அஜித்


ஓசூர்
24.11.2024

என் சாமிக்கு, அம்மா எழுதுவது.

சுகம், சுகம், சுகம். இன்றைக்கு முழங்கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

எடுத்துக்கொள்.

கடிதம் ஷெட்டுக்கு வந்தது. அங்கேயே நின்று படித்தேன். அழுதுகொண்டே பூ எண்ணியதில் ஒரு கட்டில் இருபத்திரண்டு வைத்துவிட்டேன். சரிதா கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டும் உன் பையன் கணக்குல போவட்டும் விடுக்கா" என்றாள்.

மிஸ் உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். "யாரும் இல்ல மிஸ். என் கடுதாசியப் படிச்சதுதான்" என்றேன். கண்காட்சியில் வைக்கலாமா என்று உன்னைக் கேட்கச் சொன்னார்.

தீர்த்தகிரியிடம் காட்டினேன். வேனைத் துடைக்கிறேன் என்று அந்தப் பக்கம் போய்விட்டார். துடைத்த கண்ணாடியையே அரைமணி நேரம் துடைத்தார். கீழே அவரே நாலு வரி எழுதுகிறேன் என்கிறார். கொடுக்கிறேன்.

அம்மா

தம்பி அஜித்குமாருக்கு தீர்த்தகிரி எழுதுவது. நலமா? தமிழ் எழுதினால் தப்பு வரும், பெரிதாக எடுக்க வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டுகிறேன், எதிரே நிற்கிற ஆளைப் பார்க்காமல் விட்டதில்லை. உங்களைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு ரோட்டைத் தாண்டி வந்திருக்கலாம் தம்பி. டீ நன்றாக இருக்கும் அந்தக் கடையில். அந்த நோட்டில் நான் எழுதினது 'டீ மாஸ்டர் இஸ் வெரி ஸ்ட்ராங்'. டீ ஸ்ட்ராங்கா, மாஸ்டர் ஸ்ட்ராங்கா என்று உங்கள் அம்மா கேட்டார்கள். அதற்குத்தான் சிரித்தது.


ஓசூர்
16.12.2024

அன்பு மகனுக்கு,

யானைகள் உன்னை விடவில்லை என்று திம்மப்பன் சொல்லி அனுப்பினான். வருத்தப்படாதே. நேற்று நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் எழுதுகிறேன். எனக்குத் தூக்கமில்லாமல் கண் எரிகிறது, அதைத் தவிர உடம்புக்கு ஒரு குறையுமில்லை.

நூலகத்துக் கூடத்தில் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டு அறுபது படம் மாட்டியிருந்தோம். கம்பெனி ஆட்கள், அக்கம்பக்கத்து ஆட்கள், ஜூஜுவாடி பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் எல்லாம் வந்தார்கள். நான் பயந்துகொண்டிருந்த அந்த வெளிநாட்டு அம்மா வரவில்லை. அவள் ஊரில் இப்போது பனியாம்.

எட்டு வயதிருக்கும், ஒரு பெண் குழந்தை என் கைப் படத்தின் முன்னால் நின்றது. இந்தியும் இங்கிலீஷும்தான் தெரியும் போல. படத்தைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது. "வாட் இஸ் யுவர் நேம்?" என்றது.

பக்கத்தில் கதவு திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை.

"மை நேம் இஸ் நஞ்சம்மா. ஐ ஆம் ஃப்ரம் ஜவளகிரி. திஸ் ஆர்ம், மை ஆர்ம்" என்றேன். தொடலாமா என்று கேட்டது. நீட்டினேன். தேள் மேல் ஒரு விரலை வைத்து, "டஸ் இட் ஹர்ட்?" என்றது. வலிக்கிறதா என்று கேட்கிறது என்பது எனக்கே புரிந்தது, யாரையும் கேட்கவில்லை. "நோ. ஃபினிஷ்டு" என்றேன். உடனே அது அவங்கம்மாவை இழுத்துக்கொண்டு வந்து, ஜவளகிரியில் எல்லாருக்கும் தேள் இருக்குமா, நான் கடித்த கதையைச் சொன்னதும் குத்தினவளை நிஜமாகவே கடித்தீர்களா என்று கேள்வி மேல் கேள்வி. அரைமணி நேரம் பேசினேன் அஜித்து. எத்தனை சொல் விட்டுப்போயிருக்கும் என்று நீதான் எண்ண வேண்டும்.

இன்னொன்று கேள். மாரம்மா பஸ் பிடித்து வந்திருந்தாள். யார் சொன்னார்களோ! நீ எடுத்த படத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தீர்த்தகிரி பயந்து என் பின்னால் வந்து நின்றார். கூடம் முழுக்கக் கேட்கும்படி, "நான் அன்னிக்கே சொன்னேனில்ல, நல்லாத்தான் இருந்தாங்கன்னு" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "ஏம்பா, என்னையும் ஒண்ணு எடேன்" என்றாள். எடுத்தார். என்ன கேள்வி கேட்டாரோ தெரியாது, படத்தில் அவளும் வாய் நிறையச் சிரிக்கிறாள்.

காதலர் தினத்துக்குப் போகிற பூ வேலை தை மாதம் முழுக்க இருக்கிறது. அது முடிந்து, மாசி பிறந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயிலில் மாலை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் மகள் சொல்கிறாள். நீ வராமல் ஒன்றும் நடக்காது. லீவு கேட்டுப் பார்.

மிஸ் உனக்கு வாழ்த்துச் சொன்னார்.

அம்மா


காட்டு முகாம்
21.1.2025

அன்புள்ள அம்மாவுக்கும், அங்கே பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவருக்கும்,

நலம். இரண்டு பேர் நலமும் கேட்கிறேன். இனிமேல் அப்படித்தான் கேட்க வேண்டும், பழகிக்கொள்கிறேன். பொங்கல் முடிந்து யானைகளில் பாதி வந்த வழியே திரும்பிவிட்டன. மீதியும் கிளம்பிவிடும்.

நேற்று லீவு கேட்க ரேஞ்ச் ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், தேதி எல்லாம் எழுதிவிட்டேன். கடைசியில் 'விடுப்புக்கான காரணம்' என்று ஒரு கோடு. உடம்பு சரியில்லை என்று எழுதலாம், சொந்த வேலை என்று எழுதலாம், யாரும் கேட்கப் போவதில்லை. நான் 'அம்மாவின் கல்யாணம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

ரேஞ்சர் குருமூர்த்தி சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"ஏம்பா, அவசரத்துல எழுதிட்டியா? அக்கா கல்யாணமா?"

"எனக்கு அக்கா இல்லைங்க சார். அம்மாவுக்குத்தான்."

ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். வாசலில் நின்ற திம்மப்பன் தரையைப் பார்த்தான். ஆனால் நான் தலை குனியவில்லை அம்மா.

சார் பேனாவை எடுத்தார். "எத்தனை நாள் கேட்டிருக்க?"

"ஒரு நாளுங்க சார்."

"வீட்டுல மூத்த ஆம்பள நீதானே?"

"ஆமாங்க சார்."

"அப்ப பந்தி, பத்திரிகை, வர்றவங்களக் கவனிக்கிறது எல்லாம் யாரு பண்ணுவா?" என்றார். நான் 'ஒன்று' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வந்து படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அஜித்குமார், பத்திரிகை அடிச்சா எனக்கு ஒண்ணு கொண்டு வா. ஜீப்புல போட்டு அனுப்பாத. நேர்ல கொண்டு வா."

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறேன். பந்திக்குக் காய் நறுக்க என் கூட்டாளிகள் இருவரும் சனிக்கிழமை வருகிறார்கள். உனக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கட்டும்?

உன் மகன்
அஜித்குமார்